சின்னத் துப்பாக்கி, பெரிய பொறுப்பு

துப்பாக்கி சிறியது. அதன் குண்டு இன்னும் சிறியது.

ஒரு வேப்பங்கொட்டை அளவுதான் இருக்கும். எடை, ஒரு பவுன் தங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. கையில் எடுத்துப் பார்த்தால், "இதுவா ஆளைக் கொல்லும்?" என்று கேட்கத் தோன்றும்.

இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அமெரிக்க விவசாயி ஒரு பிராணியை வேட்டையாடுகிறார். காட்டிலே அல்ல, தன்னுடைய சொந்த வயலிலே!

அந்தப் பிராணியின் பெயர் கிரவுண்ட்ஹாக்.

"வாயில்லாத ஜீவனைச் சுடுவது பாவம்" என்று ஒரு கட்சி சொல்கிறது. "பாடுபட்டு வளர்த்த பயிரைத் தின்கிறதே, அதைக் கொஞ்சவா முடியும்?" என்று இன்னொரு கட்சி கேட்கிறது. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் அந்தச் சின்னக் குண்டை மறந்துவிடுகிறார்கள். அது எங்கே போகிறது, எங்கே போய் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

யார் இந்தப் பிராணி?

கிரவுண்ட்ஹாக் என்றால் "நிலப் பன்றி" என்று அர்த்தம். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அது பன்றி அல்ல. அணில் ஜாதி!

ஆம், நம் வீட்டுக் கூரையில் ஓடுகிற அணிலுக்கு அது தூரத்து உறவு. ஆனால் உருவத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. நன்றாகக் கொழுத்த பூனை அளவு இருக்கும். எடை 2 கிலோவிலிருந்து 6 கிலோ வரை. குட்டைக் கால்கள். பழுப்பு நிற ரோமம். மண்ணைத் தோண்டுவதற்கென்றே படைத்த நகங்கள்.

இதற்கு "உட்சக்" என்று இன்னொரு பெயரும் உண்டு. அது அமெரிக்கப் பழங்குடி மக்களின் பாஷையிலிருந்து வந்த சொல். ஆபத்து என்றால் விசில் அடிப்பது போல் கீச்சென்று கத்தும். அதனால் "விசில் பன்றி" என்று கேலியாகக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாவம், அணிலாகப் பிறந்து பன்றிப் பட்டத்தைச் சுமக்கிறது.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கனடாவிலும் இது ஏராளம். மண்ணுக்குள் வளை தோண்டிக்கொண்டு வாழ்கிறது. சாதாரண வளை அல்ல. படுக்க ஓர் அறை, கழிவுக்கு வேறோர் அறை என்று கணக்காகப் பிரித்து வைத்திருக்கும். நுழையும் வாசல் ஒன்று என்றால், தப்பி ஓட இரண்டு மூன்று வாசல்கள் இருக்கும். தலைவாசலில் தோண்டிய மண் குவிந்திருக்கும். மற்ற வாசல்களில் மண்ணே இருக்காது, புல் மறைத்திருக்கும். தெரியாமல் கால் வைத்தவர் தொபீர் என்று விழ வேண்டியதுதான்.

குளிர்காலம் வந்தால் ஒரே தூக்கம்! அக்டோபரில் உள்ளே போனால் பிப்ரவரி, மார்ச்சில்தான் வெளியே வரும். விழித்திருக்கும்போது நிமிஷத்துக்கு 80 தடவை துடிக்கிற இருதயம், அந்தத் தூக்கத்தில் பத்துத் தடவைக்கும் குறைவாகத்தான் துடிக்கும்.

ஊர்வலம் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம்

இந்தப் பிராணிக்கு அமெரிக்காவில் திருவிழாவே நடக்கிறது என்றால் நம்புவீர்களா?

பென்சில்வேனியா மாநிலத்தில் பங்க்சடானி என்று ஓர் ஊர். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 2-ந் தேதி விடியற்காலையில் அங்கே கூட்டம் அலைமோதும். உயரமான தொப்பி வைத்த பெரியவர்கள் ஒரு கிரவுண்ட்ஹாக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம் வரும். இது ஜோசியம்! 1887-ம் வருஷத்திலிருந்து இது நடக்கிறது. 1993-ல் இந்த நாளை வைத்து ஒரு சினிமாவே எடுத்துவிட்டார்கள்.

அதே 1887-ம் வருஷத்தில்தான் இன்னொரு சரக்கும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ".22 லாங் ரைபிள்" என்ற தோட்டா! குண்டின் குறுக்களவு கிட்டத்தட்ட 22 சென்ட் அங்குலம், அதாவது ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு. நம் ஊர்க் கணக்கில் அரை சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம்.

கிரவுண்ட்ஹாக்கை ஊர்வலம் விடுகிற அதே மாநிலத்தில், மற்ற நாட்களில் விவசாயிகள் அதைச் சுட்டுத் தள்ளுவது இந்தத் தோட்டாவைப் போட்டுத்தான். மனிதனுடைய சுபாவம் எப்போதுமே இப்படித்தான்.

விவசாயியின் வழக்கு

விவசாயியைக் குறை சொல்லுவது சுலபம். அவர் வயலில் நின்று பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

மே மாதம் சோயா மொச்சை விதைக்கிறார். முளைத்து இரண்டு இலை விடுகிறது. வயல் ஓரத்தில் வளை வைத்திருக்கும் கிரவுண்ட்ஹாக் காலையில் வருகிறது. ஒரு செடியைக் கடிக்கிறது, அடுத்த செடிக்குப் போகிறது. வளையைச் சுற்றி வட்டமாக மொட்டையடித்தது போல் நிலம் தெரிகிறது. சாயங்காலமும் இதே கதை. மொச்சை மட்டுமா? பட்டாணி, கீரை, காரட்டுத் தழை, மாட்டுக்கு வைத்திருக்கும் குதிரை மசால் எல்லாம் அதற்கு விருந்துதான்.

தின்பதாவது போகட்டும். வளைதான் பெரிய தொல்லை. புல் அறுக்கும் யந்திரத்தின் சக்கரம் வளைக்குள் இறங்கி அச்சு முறிகிறது. மேய்கிற குதிரையின் கால் மாட்டிக்கொண்டால், அந்தக் குதிரையைப் பிறகு எதற்கும் உபயோகிக்க முடியாது. கொட்டகையின் அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டினால் சுவர் ஆட்டம் காண்கிறது.

இது புதிய வழக்கும் அல்ல. 1883-லேயே நியூ ஹாம்ப்ஷயர் மாநில சட்டசபை இதற்காக ஒரு கமிட்டி போட்டது. ஒரு பிராணியைக் கொன்றால் பத்து சென்ட் இனாம் என்று ஏற்பாடாயிற்று. சட்டசபையில் கமிட்டி போட வைத்த பிராணி என்றால், தொல்லை எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. இந்தப் பிராணிக்கு விருந்து வைத்தது யார்?

மனிதன்தான். முன்பு அங்கே எல்லாம் அடர்ந்த காடு. கிரவுண்ட்ஹாக்குக்கு அடர்ந்த காடு அவ்வளவாகப் பிடிக்காது. காடும் புல்வெளியும் சேருகிற ஓரம்தான் அதற்குப் பிடித்த இடம். குடியேறியவர்கள் காட்டை வெட்டினார்கள். வயலும் தோட்டமும் வைத்தார்கள். எங்கு பார்த்தாலும் ஓரம் உண்டாயிற்று. அதைப் பிடித்துத் தின்னும் ஓநாய்களையும் அந்தப் பக்கத்தில் இல்லாமல் செய்துவிட்டார்கள். பிறகு, "ஐயோ, பெருகிவிட்டதே!" என்றால்?

ஆகவே, பயிரைக் காப்பாற்ற விவசாயிக்கு உரிமை உண்டு. கோபப்படத்தான் காரணம் இல்லை.

சிறிய குண்டு, நீண்ட பயணம்

இனி அந்தச் சின்னத் துப்பாக்கிக்கு வருவோம்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு வேண்டும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அமெரிக்காவில் வேறு கதை. பல மாநிலங்களில் ரைபிள் வாங்க லைசென்சு தேவை இல்லை. கிராமத்து வீட்டில் மண்வெட்டி இருப்பது போல, அங்கே பண்ணை வீட்டில் ஒரு .22 ரைபிள் இருக்கும்.

அதை விவசாயிகள் விரும்பக் காரணம் இருக்கிறது. தோட்டா மலிவு. சுடும்போது தோளில் உதைக்காது. சத்தமும் குறைவு, மாடுகள் மிரளாது. அதனால்தான் பையன்களுக்கு முதன் முதலில் கொடுக்கும் துப்பாக்கியும் இதுவாகவே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பாவோ தாத்தாவோ கையில் கொடுத்துச் சொல்லித் தருவார்கள்.

ஆபத்து ஆரம்பிக்கிற இடம் இதுதான். உதைக்காத துப்பாக்கியைப் பார்த்தால் பயம் வருவதில்லை. பயம் போன இடத்தில் ஜாக்கிரதையும் போய்விடுகிறது. "இது பெரிய துப்பாக்கியா என்ன? சும்மா அணில், முயல் சுடுகிற துப்பாக்கிதானே!" என்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். குழலை விட்டுப் புறப்படும்போது அந்தக் குண்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,200 அடி. வானத்தைப் பார்த்துச் சாய்த்துச் சுட்டால் அது ஒரு மைலுக்கு மேல் போகும்! தோட்டாப் பெட்டியின் மேலேயே இந்த எச்சரிக்கையை அச்சடித்து விற்கிறார்கள். ஒரு மைல் என்றால் 1,760 கஜம். அதற்குள் எத்தனை வீடு, எத்தனை பாதை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற எத்தனை பிள்ளைகள்!

பென்சில்வேனியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆட்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள், வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வேட்டை கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் 150 கஜத்தோடு நின்றுவிடுகிறது. குண்டு 1,760 கஜத்தையும் தாண்டுகிறது. நடுவில் இருக்கும் 1,600 கஜத்துக்குக் காவல் யார்?

சுடுகிறவரின் புத்தி ஒன்றுதான் காவல்.

கிரவுண்ட்ஹாக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. வளை வாசலில் குவிந்த மண்மேல் ஏறி, பின்னங்கால்களை ஊன்றி, மனிதனைப் போல் நிமிர்ந்து நிற்கும். நாலு பக்கமும் பார்க்கும். வேட்டைக்காரர் காத்திருப்பது அந்தக் காட்சிக்காகத்தான். நன்றாகத் தெரிகிறது, அசையாமல் நிற்கிறது, விசையை இழுக்க வேண்டியதுதான் பாக்கி!

அந்த நொடியில் பார்க்க வேண்டியது பிராணியை அல்ல, அதன் பின்னால் இருப்பதை.

அது ஒரு சரிவில் நின்றால் பின்னால் மண் இருக்கிறது. குண்டு தவறினாலும் மண்ணில் புதைந்துவிடும். அதே பிராணி மேட்டின் உச்சியில் நின்றால்? பின்னால் மண் இல்லை, வானம்தான் இருக்கிறது. குண்டு தவறினால் மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அந்தப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவருக்குத் துப்பாக்கிச் சத்தம்கூடக் கேட்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஈயக் குண்டு கல்லிலோ, இறுகிய தரையிலோ, தண்ணீரிலோ பட்டால் தெறித்துத் திசை மாறும். குளத்தில் சில்லு விட்டு விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். ஓடு நீரில் பட்டுப் பட்டு எகிறுவது போலத்தான் குண்டும். தரையை நோக்கித்தானே சுட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

"அப்படிப் பார்த்தால் பாதி நாள் சுடவே முடியாதே!" என்று விவசாயி சொல்லலாம். உண்மை. பாதி நாள் சுடக் கூடாது. துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு மறுநாள் வர வேண்டும். கிரவுண்ட்ஹாக் எங்கும் போய்விடாது. அதே வாசலில் அதே நேரத்துக்கு வந்து நிற்கும்.

ஐம்பது கஜம்

குண்டு ஒரு மைல் போகும் என்பதால் ஒரு மைல் தூரத்தில் குறி தப்பாமல் அடிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

50 கஜத்தில் குறி சரியாக வைத்த .22 ரைபிளின் குண்டு, 100 கஜத்துக்குப் போவதற்குள் சுமார் அரை அடி தாழ்ந்துவிடும். காற்று அடித்தால் பக்கவாட்டிலும் ஒதுங்கும். கிரவுண்ட்ஹாக்கின் தலையோ ஒரு சாத்துக்குடி அளவுதான். தலையில் பட்டால் உடனே சாவு, வலி தெரியாது. உடம்பில் பட்டால் சாகாது. இழுத்துக்கொண்டே வளைக்குள் போய்விடும். அது எப்போதும் வளை வாசலை விட்டு அதிக தூரம் போகாத பிராணி. இரண்டு தாவலில் உள்ளே போய்விடும். பிறகு இருட்டில் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் துடித்துச் சாகும். வெளியே நிற்கிறவர், "தப்பிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அனுபவப்பட்ட வேட்டைக்காரர்கள் இந்த ரைபிளோடு ஐம்பது கஜத்துக்கு மேல் ஆசைப்படுவதில்லை. ஐம்பது கஜம் நெருங்க முடியாதவர் சுடாமல் திரும்புவது கௌரவக் குறைவு அல்ல. 2002-ல் இன்னும் மெல்லிய குண்டு உள்ள ".17" தோட்டா ஒன்று வந்தது. அதன் வேகம் இரண்டு மடங்குக்கு மேல். அதை வைத்துக்கொண்டு இன்னும் தூரத்திலிருந்து சுடுகிறார்கள். துப்பாக்கி மாறினால் தூரம் மாறலாம். பின்னால் மண் இருக்கிறதா என்ற கேள்வி மாறாது.

பயிருக்காகச் சுடுகிறவர் ஒரு ரகம். எண்ணிக்கைக்காகச் சுடுகிறவர் இன்னொரு ரகம். "இன்றைக்கு எத்தனை விழுந்தது, எவ்வளவு தூரத்தில் விழுந்தது" என்று பந்தயம் கட்டிக்கொண்டு, யாருடைய வயலிலோ போய்ச் சுடுகிற கூட்டமும் அங்கே உண்டு. கொன்றதைச் சமைத்துத் தின்கிற கிராமத்து மக்களையாவது ஒப்புக்கொள்ளலாம். பந்தயத்துக்காக உயிரைக் கொல்லுவதில் விவசாயமும் இல்லை, வீரமும் இல்லை.

குட்டிகள் இருக்கும் காலம்

இந்த விவகாரத்தில் மிகவும் சங்கடமான இடம் ஒன்று இருக்கிறது.

கிரவுண்ட்ஹாக் ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். ஒரு தடவைக்கு நாலு குட்டிகள் சாதாரணம். குட்டிகள் கண் திறக்காமல், ரோமம் இல்லாமல் பிறக்கும். பால் குடித்து வளர்ந்து, ஜூலையில்தான் தனியாகப் பிழைக்கப் போகும்.

மொச்சை முளைப்பதும் அதே மே, ஜூன் மாதங்களில்தான்! பயிருக்கு அதிக நஷ்டம் வருகிற காலமும், வளைக்குள் குட்டிகள் காத்திருக்கிற காலமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த மாதத்தில் வாசலில் நிற்கும் தாயைச் சுட்டால் ஒரு குண்டில் ஐந்து உயிர் போகிறது. அதில் நாலு, மண்ணுக்கு அடியில் பட்டினி கிடந்து போகிறது. வெளியே ஒரு சத்தமும் கேட்காது.

பால் கொடுக்கும் மாட்டை விற்கத் தயங்குகிற குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

சுட்டே ஆக வேண்டும் என்றால் மார்ச் மாதத்தில், குட்டி பிறக்கும் முன்பு சுட வேண்டும். அப்போது பயிரும் புல்லும் உயர்ந்திருக்காது. பிராணி தெளிவாகத் தெரியும், அதன் பின்னால் இருப்பதும் தெளிவாகத் தெரியும். "வயிற்றில் இருக்கும் குட்டி போகிறதே?" என்று கேட்கலாம். ஆம், போகிறது. அதை மறைத்துப் பயன் இல்லை. ஆனால் இருட்டில் நாள் கணக்கில் பசித்துக் கிடந்து சாவதில்லை. இரண்டு கெடுதலில் சிறியதைத்தான் பார்க்க முடியும். மார்ச்சைத் தவறவிட்டவர் ஜூலை வரை பொறுக்க வேண்டும்.

அதுவரை பயிர்? வேலி இருக்கிறது.

வேலியும் மற்ற வழிகளும்

கிரவுண்ட்ஹாக் தோண்டும், மரமும் ஏறும். ஆகவே சாதாரண வேலி போதாது. மூன்று நாலு அடி உயரத்துக்குக் கம்பி வலை கட்ட வேண்டும். அடியில் ஓர் அடி மண்ணுக்குள் புதைத்து, அதை வெளிப்பக்கமாக மடக்க வேண்டும். மேல் நுனியையும் வெளிப்பக்கம் வளைத்துவிட்டால் ஏறி வருகிற பிராணி தலைகீழாகத் தொங்கித் திரும்பிப் போகும். வேலிக்கு வெளியே, தரையிலிருந்து நாலைந்து அங்குல உயரத்தில், கால்நடைகளுக்குப் போடுகிற லேசான மின்சாரக் கம்பி ஒன்று ஓடவிட்டால் இன்னும் நல்லது. இது அதற்கென்று விற்கும் கருவியில் ஓடுவது. மூக்கில் சுரீர் என்று அடிக்குமே தவிர உயிரை வாங்காது.

வீட்டுத் தோட்டத்துக்கு இது போதும். நூறு ஏக்கர் வயலுக்கு வேலி கட்டச் சொல்லுவது நடக்காத காரியம். அங்கே துப்பாக்கிக்கு இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கூண்டு வைத்துப் பிடிப்பவர்களும் உண்டு. ஆப்பிள் துண்டு வைத்தால் வரும். பிடித்த பிறகு என்ன செய்வது? வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவது பல மாநிலங்களில் சட்ட விரோதம். வெறிநோய் பரவும் என்ற பயம்தான் ஒரு காரணம். அமெரிக்காவில் கொறிக்கும் பிராணிகளுக்குள் வெறிநோய் அதிகமாகக் காணப்படுவது கிரவுண்ட்ஹாக்கிடம்தான். மனிதனைக் கண்டு பயப்படாமல் தள்ளாடி நடக்கும் கிரவுண்ட்ஹாக்கைக் குழந்தைகள் தொடவே கூடாது.

வளைக்குள் விஷப் புகை விடுகிற வழியும் இருக்கிறது. இது மோசமான வழி. கிரவுண்ட்ஹாக் விட்டுப்போன வளையில் முயல் குடியிருக்கும், நரி குட்டி போட்டிருக்கும். புகைக்கு ஆள் தெரியாது.

கீழாநெல்லிக்குப் பரீட்சை வைத்த பிராணி

அமெரிக்கப் பிராணிக்கும் நம் ஊர் மூலிகைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில் இருந்த கிரவுண்ட்ஹாக்குகள் ஈரல் புற்றுநோயால் செத்தன. ஏன் என்று ஆராய்ந்தார்கள். மனிதனுக்கு மஞ்சள் காமாலை உண்டாக்கும் "ஹெபடைடிஸ் பி" கிருமிக்கு உடன்பிறப்பு போன்ற ஒரு கிருமி அவற்றின் ஈரலில் இருந்தது. 1978-ல் இது வெளியாயிற்று. அதிலிருந்து அந்த நோய்க்கு மருந்து தேடுகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பிராணி உதவியிருக்கிறது.

மனிதக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற டாக்டர் புளும்பர்க், மருந்து தேடும்போது கீழாநெல்லிப் பக்கம் திரும்பினார். அவரும் அவருடைய சகாக்களும் அந்தச் செடியின் சாற்றை, கிருமி தாக்கிய கிரவுண்ட்ஹாக்குகளுக்குச் செலுத்திப் பார்த்து, 1987-ல் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். மறு வருஷமே சென்னையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களும் பலன் கண்டதாக எழுதினார்கள். பிற்பாடு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே காமாலை கண்டவர்கள் டாக்டரிடம் போவதே சரி.

மொச்சையைத் தின்றது என்பதற்காக, "ஒழித்துக்கட்ட வேண்டிய ஜந்து" என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும்.

பையன் கையில் ரைபிள்

சின்னப் பையனிடம் ரைபிளைக் கொடுத்து, "போய்ச் சுட்டுக்கொண்டு வா" என்று தனியாக அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். முதல் தடவை வேட்டை லைசென்சு வாங்குகிறவர் பாதுகாப்புப் பாடம் படித்தே ஆக வேண்டும் என்று பென்சில்வேனியா உள்படப் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. ஆனால் சொந்த வயலில் பயிரைக் காப்பாற்றச் சுடுகிற விவசாயிக்கு லைசென்சே வேண்டாம் என்று பல இடங்களில் விலக்கு இருக்கிறது. பாடம் படிக்காத பையன் அந்த விலக்கின் வழியாக நுழைந்து வருகிறான். வேலி வழியாக நுழைகிற கிரவுண்ட்ஹாக்கைப் பார்க்கிற அப்பா, இதையும் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் பெரியவர் நிற்க வேண்டும். சுடும் நேரம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ரைபிள் ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில் போக வேண்டும். கதவு மூலையில் சாத்தி வைக்கிற சாமான் அல்ல அது.

செத்த பிறகும் வேலை இருக்கிறது

விழுந்த பிராணியை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஈயக் குண்டின் துணுக்குகள் அதன் உடம்பில் இருக்கும். கழுகு வந்து தின்னும். ஈயம் கழுகுக்கு விஷம். கலிபோர்னியா மாநிலத்தில் 2019-ம் வருஷத்திலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் ஆழமாகப் புதைத்துவிடுவதுதான் வழி.

வளையையும் அடைக்க வேண்டும். ஒன்றைச் சுட்டுவிட்டு வளையைத் திறந்து வைத்தால், வாடகை இல்லாத வீடு என்று அடுத்த கிரவுண்ட்ஹாக் குடி வந்துவிடும். முக்கியமாக ஜூலைக்குப் பிறகு, இளம் பிராணிகள் வீடு தேடி அலையும் காலத்தில்.

அடைக்கும் முன்பு உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ள அங்கே ஒரு சுலபமான முறை இருக்கிறது. பழைய செய்தித்தாளைக் கசக்கி எல்லா வாசல்களிலும் லேசாகத் திணித்து வைக்கிறார்கள். உள்ளே உயிர் இருந்தால் இரண்டு மூன்று நாளில் காகிதம் வெளியே தள்ளப்பட்டுக் கிடக்கும். அப்போது மண்வெட்டியை எடுக்கக் கூடாது. மூன்று நாள் கழித்தும் காகிதம் வைத்தது வைத்தபடியே இருந்தால், மண்ணைத் தள்ளி மூடலாம்.